போனவங்க வீட்டு வட்ட அறை

ஜனவரி 9

அன்புள்ள முட்டக்கண்ணிக்கு,

உன் அத்தை எழுதறது. நான் நல்லா இருக்கேன். முட்டி வலியும் என்கூடவே கப்பல் ஏறி வந்துடுச்சு, மத்தபடி ஒண்ணும் இல்ல. நீ எப்படி இருக்க, கண்ணு எரியுதுன்னு சொன்னியே, இப்ப பரவால்லையா? உங்கப்பனுக்கு பிரஷர் மாத்திரைய நீதான் கையில எடுத்துக் குடுக்கணும். டப்பாவ பக்கத்துல வெச்சுட்டுப் போனா அவன் சாப்பிட மாட்டான், என் அண்ணன எனக்குத் தெரியாதா. இன்னும் என்மேல கோவமா இருக்கானா?

கம்பி வழியா பேசறதெல்லாம் கம்பெனி வேலைக்கு மட்டும்தானாம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு கப்பல்ல போற கடுதாசிதான். அதுவும் நல்லதுதான், யாரும் குறுக்க பேச மாட்டாங்க.

நீ வாங்கிக் குடுத்த வேலை நல்ல வேலைடி. ஸ்டேஷன்ல இருக்கற அத்தன பேர் துணியும் நான்தான் துவைக்கறேன். இங்க தூசி செவப்பா, மாவு மாதிரி இருக்கும். வெள்ளச் சட்டை போட்டு வந்தவன் எல்லாம் இப்ப ஒரே கலரு. மெஷின் இருக்கு, ஆனா காலரை நான் கையாலதான் தேய்க்கறேன், மெஷினுக்கு என்ன தெரியும் மனுஷன் கழுத்து. வெளிய போனா மூக்குல ஒரு குழாய் மாட்டிக்கணும், காத்து அவ்வளவு லேசு.

ஆளுங்க கொஞ்சம்தான். சமையல்காரர் ஒருத்தர், வாய் கொஞ்சம் நீளம். புல்டோசர் ஓட்டறவர, மெஷின்காரர்னு எல்லாரும் கூப்பிடறாங்க. மண்ண எடுத்து எடுத்து கண்ணாடிக் குடுவைல ஆட்டிப் பாக்கற ஒரு படிச்ச அம்மா இருக்காங்க, நான் மண்ணு டீச்சர்னு பேர் வெச்சுட்டேன், அவங்களும் திரும்பிப் பாக்கறாங்க. மேனேஜர் பேசினா காலி டப்பா உருளற மாதிரி இருக்கும். அதனால தகர டப்பா. அந்தப் பேரு நான் வரதுக்கு முன்னாடியே இருந்துச்சு, என்மேல பழி போடாத.

இந்த ஊருக்காரங்கதான் ஒருத்தரும் இல்ல. ஒருத்தரும் இல்லன்னா, ஒருத்தர்கூட இல்ல. நம்ம ஜனம் அடுப்பு மூட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடியே இவங்க நட்சத்திரம் நட்சத்திரமா போய் குடித்தனம் பண்ணிட்டு, அப்புறம் அடியோட இல்லாமப் போயிட்டாங்களாம். பேர் தெரியல. புத்தகத்துல ஏதோ நம்பர் போட்டிருக்காங்க. ஒரு ஜனத்த எப்படிடி நம்பர் போட்டு கூப்பிடறது? நான் போனவங்கன்னு சொல்லிக்கறேன்.

அவங்க தெருவுலதான் நடந்து நடந்து முட்டிய சரி பண்றேன். வாசப்படி எல்லாம் அகலம், நம்ம காலுக்கு ரெண்டு எட்டு வெக்கணும். அந்தத் தெரு முனைல ஒரு வட்ட ரூம் பாத்தேன். நாலு படி கீழ எறங்கணும். சுத்தி வட்டமா கல்லு மேடை, மேடைல சின்னச் சின்னக் குழி, நடுவுல தண்ணி ஓடின வாய்க்கா, மேல ஒரு ஓட்டை, அது வழியா வெளிச்சம் நேரா எறங்குது. பாத்த ஒடனே கை தானா குவிஞ்சுடுச்சு. சாமி எடம்டி அது. நம்ம ஸ்டேஷன்ல கண்ண மூடி நிக்கக்கூட எடம் இல்ல, டிவி சத்தம். அதனால இப்ப தெனம் காலைல அங்க போய் உக்காந்துதான் வேண்டிக்கறேன். விளக்கு ஏத்தினா காத்து இல்லாம அணைஞ்சு போகுது. டார்ச் லைட்ட வெச்சுத்தான் கும்பிடறேன், சாமி கோவிச்சுக்காது.

எனக்காகவும் வேண்டிக்கறேன், உனக்காகவும். அப்புறம் போனவங்களுக்காக. அழறதுக்கு ஒரு ஆள்கூட மிஞ்சாத சாவுடி அது.

நேரத்துக்குச் சாப்பிடு. உங்கப்பன்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு, கேக்கலன்னாலும் சொல்லு.

இப்படிக்கு,
தூசி தட்டிக்கொண்டே இருக்கும் உன் அத்தை


பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலமும் முட்டியின் நலமும் அறிய ஆவல். கண் எரிச்சல் போய்விட்டது. மாத்திரையைக் கையில்தான் கொடுக்கிறேன். அப்பா அதை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறார், ஏதோ நான் ஜெயித்துவிட்டது போல. கோபம் இன்னும் போகவில்லை. "அம்பது வயசுக்கு மேல துணி துவைக்க ஆகாசத்துக்குப் போவாளா ஒருத்தி? என் வீட்டுல எடம் இல்லையா?" என்று வாரம் ஒரு முறையாவது சுவரிடம் கேட்கிறார். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது சமையலறை வாசலிலேயே நின்று கடைசி வரை கேட்டார்.

பதிவுப் பிரிவில் எனக்கு வேலை கூடிவிட்டது. எங்கள் பிரிவுத் தலைவி வேறு ஊருக்குப் போகிறார். அந்த நாற்காலி எனக்கு வரலாம் என்று பேச்சு. வந்தால் சொல்கிறேன், வருவதற்கு முன் தெருவெல்லாம் சொல்லிவிடாதீர்கள். அங்கே தெருவில் ஆளில்லை என்பது ஒரு வசதி.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் இடத்தின் வரைபடங்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. போனவர்களின் கப்பல்கள் கீழே சமவெளியில் நிற்கின்றன அல்லவா, அவற்றை வெட்டி உலோகமாக ஏற்றப்போகிறார்கள். அதற்கு ஸ்டேஷனிலிருந்து சமவெளிக்குப் பாதை போடும் வேலை இந்த வருடமே தொடங்கும். நீங்கள் சொன்ன தெரு அந்தப் பாதைக் கோட்டில் இருக்கிறது. வட்ட அறையும்தான். நீங்கள் வேண்டிக்கொள்ள வேறு நல்ல இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயை மூக்கிலிருந்து எடுக்காதீர்கள். பேசுவதற்காகக்கூட.

உங்கள் அன்பு மருமகள்


மார்ச் 30

அன்புள்ள முட்டக்கண்ணிக்கு,

நான் சுகம். நீயும் அப்பனும் சுகமா இருக்கணும்னு வேண்டிக்கறேன். நாற்காலி வரட்டும், நல்ல மெத்தை போட்ட நாற்காலியா வரட்டும்.

வேற எடம் பாத்துக்கோன்னு எழுதியிருந்த. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. அன்னைக்கு மெஷின்காரர் சட்டை குடுக்க வந்தாரு. கேட்டேன்.

"ஏம்பா, அந்த வட்ட ரூம நீதான் ஒடைக்கப் போறியாமே?"

"நான் எங்கக்கா ஒடைக்கறேன், மெஷின் ஒடைக்கும். நான் சும்மா உள்ள உக்காந்திருப்பேன்."

"சுத்திப் போனா என்ன?"

"போலாம். பாறைய வெட்டணும். டப்பா ஒத்துக்க மாட்டாரு."

நேரா டப்பாகிட்ட போனேன். அவரு வரைபடத்த விரிச்சு வெச்சு, ஒரு கோடு காட்டினாரு, நேர்கோடு. இதுக்கு என்னம்மா செய்ய முடியும், நேரா இருக்கேன்னாரு. கோட்ட நீங்கதான போட்டீங்கன்னு நான் சொன்னேன்.

"இங்க யாருமே இல்லையேம்மா. செத்துப்போனவங்க வந்து கேஸ் போடவா போறாங்க?"

"அவங்க போட மாட்டாங்க. நான் போடறேன்."

சிரிச்சாரு. டப்பாவுக்குள்ள கல்ல போட்டு ஆட்டின மாதிரி.

எனக்கு கேஸ் எப்படிப் போடறதுன்னு தெரியாது, கோவத்துல வாய்ல வந்துடுச்சு. மெஷின்காரர்தான் சாப்பாட்டு ரூம் சுவத்துல மாட்டியிருக்கற சட்டப் பலகைய காட்டினாரு. எந்த உலகமா இருந்தாலும் ஜனங்க வழிபாடு பண்ற எடத்த இடிக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கு. "இது நம்மாளுங்க கட்டற கோயிலுக்குப் போட்ட சட்டம்க்கா. ஆனா யார் கட்டினதுன்னு அதுல கேக்கல பாருங்க" அப்படின்னாரு. இடிக்கப் போறவரே சொல்றாரு பாரு. நான் ஒடனே ஒரு வெள்ளத்தாள் வாங்கி எழுதிட்டேன். ஐயா, இது போனவங்க சாமி கும்பிட்ட எடம், இப்ப நான் தெனமும் கும்பிடற எடம், இடிக்காதீங்கன்னு. கீழ கையெழுத்தும் போட்டேன். மேனேஜர் அத வாங்கி அவரே மேலிடத்துக்கு அனுப்பணுமாம், அதுவும் சட்டத்துல இருக்கு. அவரு முகத்த நீ பாத்திருக்கணும்.

இன்னொரு விஷயம் சொல்றேன், கேளு. மண்ணு டீச்சர கேட்டேன், இவங்க எப்படித்தான் செத்தாங்கன்னு. சண்டை இல்லையாம். கொள்ளை நோயும் இல்லையாம். குழந்தை பொறக்கறது நின்னு போச்சாம். எங்கெங்கயோ போய் பொழைச்சவங்க எல்லாம், இனிமே யாரும் இல்லன்னு தெரிஞ்ச பிற்பாடு, கப்பல கிளப்பிட்டு ஒண்ணொண்ணா வீட்டுக்கு வந்திருக்காங்க. சமவெளில நிக்கற கப்பல் அத்தனையும் வந்த கப்பல், போற கப்பல் இல்ல. கதவ தெறந்து போட்டுட்டு எறங்கி நடந்து வந்திருக்காங்க. திரும்ப ஏறற எண்ணம் இருந்தா மூடியிருப்பாங்க இல்ல?

அந்த ஜனம் நடந்து வந்த தெருடி இது. அது மேல இரும்பு லாரி போகணுமா?

நான் விட மாட்டேன்.

இப்படிக்கு,
கேஸ் போட்டிருக்கும் உன் அத்தை


மே 6

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உங்கள் மனு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் அதை உரக்கப் படித்தார், மற்றவர்கள் சிரித்தார்கள். "டார்ச் லைட் அம்மா" என்று உங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் குடித்தேன்.

பிறகு மேலே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டத்தில் இருப்பது இருப்பதுதானாம். மனு நிலுவையில் இருக்கும்வரை பாதை வேலையைத் தொடங்க முடியாது. கம்பெனியைச் சேராத ஒரு விசாரணை அதிகாரி அங்கே நேரில் வருவார். நீங்கள் அவர் முன்னால் சத்தியம் செய்து, அது வழிபாட்டு இடம் என்று உண்மையாகவே நம்புவதாகச் சொல்லவேண்டும். அதன்பின் அவர் சொல்வதுதான் முடிவு.

அத்தை, ஒரு தெரு முனையில் இருக்கும் ஓர் அறை. உங்களைத் தவிர யாருக்கும் அது வேண்டாம். மனுவைத் திரும்பப் பெற ஒரு வரி எழுதினால் போதும். யார் இந்த அம்மாவை வேலைக்குச் சிபாரிசு செய்தது என்று இங்கே கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா கேட்கிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அப்பா நலம். மாத்திரை சாப்பிடுகிறார்.

உங்கள் அன்பு மருமகள்


ஜூன் 14

அன்புள்ள முட்டக்கண்ணிக்கு,

நீ சுகமா? உன் கடுதாசி இந்தத் தடவ கொஞ்சம் எளைச்சுப் போய் வந்திருக்கு. நாற்காலிய பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. மறந்துட்டியோ என்னவோ.

இங்க ஒரு கூத்து நடந்துச்சு. உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்லிடறேன். மண்ணு டீச்சர் என்ன தேடிட்டு துவைக்கற ரூமுக்கே வந்தாங்க. ஒரு ஓரமா நின்னு காலுறையெல்லாம் ஜோடி சேத்துக் குடுத்தாங்க. படிச்சவங்க காலுறை ஜோடி சேக்க வந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

"அக்கா, அந்த வட்ட ரூம். மேடைக் குழிலருந்து, வாய்க்காலருந்து மண்ணு எடுத்து சோதிச்சேன்."

"சரி."

"அது கோயில் இல்லக்கா."

"பின்ன?"

"கக்கூஸ்."

நான் கையில வெச்சிருந்த சட்டைய தண்ணிலயே விட்டுட்டேன்.

"நல்லா பாத்தியாம்மா?"

"மூணு தடவ பாத்தேன். பொதுக் கக்கூஸ். வட்டமா உக்காந்து, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசிட்டே போயிருக்காங்க. மத்த உலகத்துலயும் இதே மாதிரி கட்டியிருக்காங்க. எங்க ஆளுங்க இத்தன வருஷமா ஆலோசனை மண்டபம்னு புத்தகம் எழுதிட்டிருக்காங்க. அவங்களுக்கு நான் எப்படிச் சொல்லப் போறேனோ."

அவங்க அழற மாதிரி இருந்தாங்க, நான்தான் தேத்தினேன். எனக்கு சிரிப்புதான் வருது. ஆறு மாசமா தெனமும் போய் கண்ண மூடி, கைய கூப்பி, எங்க உக்காந்திருந்திருக்கேன் பாரு. நீ இப்ப சிரிக்கற, எனக்குத் தெரியும். சிரி.

சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷன் பூரா தெரிஞ்சு போச்சு. சமையல்காரர் தட்டை வெச்சுட்டு, "என்னக்கா, இன்னைக்கு சாமி தரிசனம் நல்லா வெளிக்குப் போச்சா?" அப்படின்னாரு. நான் சொன்னேன், உங்க கை சமையல சாப்பிட்டுட்டு அந்த ரூமுக்குத்தான போகணும், கும்பிட்டுக்கிட்டே போறேன்னு.

ஆனா அடுத்த நாள் காலைல படி கிட்ட போய் நின்னா கால் எறங்க மாட்டேங்குது. அசிங்கமாத்தான் இருந்துச்சு. பேசாம திரும்பிடலாம்னு பாத்தேன். மேல ஓட்டை வழியா அதே வெளிச்சம் அதே மாதிரி எறங்கிட்டிருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி. அப்பதான் நெனச்சேன். வீடு வந்து சேந்தவங்கதானே அவங்க? வந்து எறங்கி, கடைசிக் காலத்துல, மிச்சம் இருந்த நாலு பேரு தெனம் காலைல இங்கதான வந்திருப்பாங்க? சாமி கும்பிடறத ஒரு நாள் விடலாம், இத விட முடியாது. வட்டமா உக்காந்து, எதிர்ல யாரு இன்னைக்கு வரலன்னு பாத்திருப்பாங்க. எதிர்ல இருந்த எடம் ஒவ்வொண்ணா காலியாயிருக்கும்.

எறங்கிட்டேன். எப்பவும் உக்கார்ற எடத்துலயே உக்காந்தேன். முன்னாடி எல்லாம் அவங்க சாமிகிட்ட வேண்டிக்கறதா நெனச்சுட்டிருந்தேன். அன்னைக்குத்தான் அவங்களுக்காகன்னு சரியா வேண்ட வந்துச்சு.

மனுவ வாபஸ் வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
எல்லாரும் சிரிக்கும் உன் அத்தை


ஜூலை 25

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே?

நான் கொஞ்ச நாள் லீவில் வீட்டில் இருக்கிறேன். அதனால் அலுவலகத் தாள் இல்லை, இந்தக் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன்.

நன்றாகக் கேளுங்கள். மண் சோதித்த அம்மாவின் அறிக்கை இன்னும் மேலிடத்துக்கு வரவில்லை என்று தெரிகிறது. விசாரணை அதிகாரிக்கும் தெரிந்திருக்காது. அவர் கேட்டால் நீங்கள் அதைக் கோயில் என்று நம்பித்தான் கும்பிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யில்லை, அப்படித்தானே தொடங்கினீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். உங்களால் முடியுமா என்று தெரியவில்லை.

அப்பா நலம்.

மருமகள்


ஆகஸ்ட் 30

அன்புள்ள என் கண்ணுக்கு,

சுகமான்னு கேக்க மாட்டேன், நீ சுகம்னுதான் எழுதுவ.

லீவுன்னு எழுதியிருக்க. உங்க ஆபீஸ்ல காய்ச்சலுக்கே ஒரு நாள் லீவு குடுக்க மாட்டாங்கன்னு நீதான் பொலம்புவ. நாற்காலி பேச்சு போச்சு, அப்புறம் ஆபீஸ் தாளும் போச்சு. நான் பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்துல படிச்சவதான், ஆனா என் மருமக எழுத்து படிக்கத் தெரியும். என்ன சிபாரிசு பண்ணினதுக்காக உன்ன வீட்டுல உக்கார வெச்சுட்டாங்க. அதான?

இதுல என்னடி வீம்பு எனக்கு. செத்துப் போனவங்களுக்காக உயிரோட இருக்கற புள்ள சோத்துல கை வெக்கறதா? நேத்து பூரா யோசிச்சேன். இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன் பாரு, மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதி கையெழுத்து போட்டிருக்கேன். இங்க டப்பாகிட்ட குடுத்தா அந்த ஆளு பல்ல காட்டுவாரு, என்னால தாங்க முடியாது. நீயே கொண்டு போய் உன் மேலதிகாரி கையில குடு. உன்னாலதான் ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியட்டும், வேலைய திருப்பிக் குடுப்பாங்க.

எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. இப்ப துவைக்கற ரூம்லயே படுத்துக்கறேன், மெஷின் ஓடறதுல நல்லா கதகதப்பா இருக்கு. வேலையும் முன்ன மாதிரி இல்ல, கொறைச்சல்தான், ஒடம்புக்கு ரெஸ்ட்டு.

சாப்பிடு.

இப்படிக்கு,
அத்தை


செப்டம்பர் 29

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலமில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். மே மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களிடமிருந்து வாபஸ் கடிதம் வாங்கிக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும், நாற்காலியும் கிடைக்கும் என்றார்கள். உங்களுக்கு அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாமலேயே தெரிவித்துவிட்டேன் போலிருக்கிறது.

உங்கள் வாபஸ் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரி கை நீட்டினார். அவர் நீட்டிய விதம் அத்தை, கடையில் மீதிச் சில்லறைக்கு நீட்டுவது போல. "அந்த டார்ச் லைட் அம்மாவுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார். நான் பையைத் திறக்கவே இல்லை. "அவங்க என் அத்தை. அவங்களுக்குப் புத்தியெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தாளைக் கிழித்தாயிற்று. அப்பாதான் கிழித்தார். "இவ என்னைக்கு எதையாவது வாபஸ் வாங்கியிருக்கா, கையெழுத்தே அவளுது மாதிரி இல்ல" என்றார். இப்போது எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அப்பா என் தட்டில் கூடுதலாகவே வைக்கிறார்.

துவைக்கும் அறையில் கதகதப்பாக இருக்கிறது என்று எழுதினீர்கள். உங்கள் அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள், உங்களிடம் துணி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று எழுத என்ன கஷ்டம்? இருவரும் சேர்ந்து நன்றாகத்தான் மறைத்திருக்கிறோம்.

போன கடிதத்தில் நான் சொன்ன யோசனையை மறந்துவிடுங்கள். அதிகாரி வந்தால் உங்கள் வாய்க்கு என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள். தோற்றாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகள்


நவம்பர் 18

அன்புள்ள முட்டக்கண்ணிக்கு,

உன் கடுதாசிய கப்பல்ல வந்த மூட்டைலருந்து நானே பொறுக்கி எடுத்தேன். அதே கப்பல்லதான் விசாரணை அதிகாரியும் எறங்கினாரு. நான் வாபஸ் வாங்கிட்டதா நெனச்சுட்டு, அவர்கிட்ட சும்மா வந்துட்டீங்களேய்யான்னு மன்னிப்பு கேக்கறதுக்காக நின்னுட்டிருந்தேன். உன் கடுதாசிய அங்கயே பிரிச்சுப் படிச்சேன். கிழிச்சவன் என் அண்ணன்னு படிச்சப்ப மூக்குக் குழாய் அவுந்து விழுந்துடுச்சு, மண்ணு டீச்சர்தான் மாட்டி விட்டாங்க. பின்ன நேரா அவர்கிட்ட போய், "வாங்கய்யா, நான்தான் மனு போட்டவ" அப்படின்னேன்.

விசாரணைய அந்த வட்ட ரூம்லயே வெச்சாரு. டப்பா, மண்ணு டீச்சர், மெஷின்காரர், சமையல்காரர்கூட கரண்டியோட வந்துட்டாரு. எல்லாரும் மேடைல வட்டமா உக்காந்தோம். அதிகாரி பாவம், நல்ல மனுஷன், தலை நரைச்சவரு. என்ன சத்தியம் பண்ணச் சொன்னாரு, பண்ணேன்.

"இந்த இடம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

மண்ணு டீச்சர் தரைய பாத்தாங்க. டப்பா என்னையே பாத்தாரு. சாமி மேல சத்தியம் பண்ண வாய்டி.

"கக்கூஸுங்கய்யா."

அவரு மெதுவா எழுந்து நின்னுட்டாரு. கடைசி வரைக்கும் மறுபடி உக்காரல.

டப்பா எகிறி குதிச்சாரு. பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க, கேஸ் முடிஞ்சுதுன்னாரு. அதிகாரி கைய காட்டி நிறுத்தினாரு.

"தெரிஞ்சுமா இங்க கும்பிடறீங்க?"

"தெரிஞ்ச பெறகுதான்யா ஒழுங்கா கும்பிடறேன்."

"சாமி இங்க இருக்குன்னு நிஜமா நம்பறீங்களா?"

"எல்லா எடத்துலயும் இருக்கறவரு இங்க மட்டும் மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போயிடுவாராய்யா?"

மெஷின்காரர் சிரிச்சுட்டாரு. அதிகாரி சிரிக்கல. இவங்கள உங்களுக்கு யாருன்னே தெரியாதேம்மா, எதுக்கு இவ்வளவுன்னு கேட்டாரு. எனக்குப் பெருசா ஒண்ணும் சொல்லத் தெரியல. ஒரு ஜனம் பூரா செத்துக் கெடக்கு, துக்கம் கேக்க ஒருத்தரும் வரல, நான் பக்கத்துல துணி துவைச்சுட்டிருந்தேன், வந்தேன், அவ்வளவுதான்னு சொன்னேன். வந்தவ சும்மா எழுந்து போக முடியுமான்னு கேட்டேன்.

அவரு தீர்ப்பு சொன்னாரு. அந்த எடம் முன்ன என்னவா இருந்துச்சுன்னு சட்டம் கேக்கலையாம். இப்ப வழிபாடு நடக்குதான்னுதான் கேக்குதாம். நடக்குது. அதனால இந்த ரூமும் இதுக்கு வர தெருவும் இடிக்கக் கூடாது. ஆனா ஒண்ணு சொன்னாரு. கும்பிடற ஆள் நீங்க ஒருத்தர்தான்மா, நீங்க இந்த ஊர விட்டுப் போயிட்டா அன்னையோட இது சாதாரணக் கட்டடம்னாரு. சொல்லும்போது அவருக்கே கஷ்டமா இருந்துச்சு.

டப்பா அன்னைக்கே என்ன வேலைலருந்து நிறுத்திட்டாரு. அதோட, ஊருக்குப் போக டிக்கெட்டும் கையில குடுத்தாரு, கம்பெனி செலவுல, ஜன்னல் ஓரம். "வீட்டுக்குப் போங்கம்மா, அண்ணன், மருமக எல்லாம் காத்துட்டிருப்பாங்க" அப்படின்னாரு. ரொம்ப இனிமையா சொன்னாரு.

கப்பல் கிளம்பற வரைக்கும் அந்த டிக்கெட்ட இடுப்புலயே சொருகி வெச்சிருந்தேன், உங்கிட்ட எதுக்கு மறைக்கணும். உங்கப்பன் உன் தட்டுல கூடுதலா வெக்கறான்னு எழுதியிருந்தியே, அந்தத் தட்டு கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. உன் கல்யாணம், உங்கப்பன் கோவம் தீர்றது, இனிமே இதெல்லாம் எனக்கு கடுதாசில படிக்கறதுதான். கப்பல் எறங்கற எடத்துக்கு மேல தீ கக்கிட்டு எழும்புச்சு, நான் வட்ட ரூம் ஓட்டை வழியா அது ஒரு புள்ளியா ஆகற வரைக்கும் பாத்தேன். அதிகாரியும் அதுலதான் போனாரு.

மண்ணு டீச்சர் அவங்களோட காத்து அடைச்ச கூடாரத்துல ஒரு பாய் போட்டுக் குடுத்திருக்காங்க. சமையல்காரர், எனக்கு அளவு தெரியாதுக்கா, எப்பவும் ஒரு ஆளுக்கு கூடத்தான் பொங்கறேன்னு சொல்லிட்டாரு. துணியெல்லாம் திருட்டுத்தனமா என்கிட்டயே வருது, டப்பா சட்டை உட்பட. அவரு காலர் மெஷின்ல வெளுக்காது.

கப்பல் போனதும் நான் இருக்கேனா போயிட்டேனான்னு பாக்க அவரே படி வரைக்கும் வந்தாரு. நான் வாய்க்காலுக்குள்ள தூசி கூட்டிட்டிருந்தேன்.

"எத்தன நாளைக்கும்மா இப்படி?"

"நீங்க எல்லாரும் கிளம்பற வரைக்கும்."

இப்படிக்கு,
இங்கேயே இருக்கும் உன் அத்தை